அசல்

ஏப்ரலில் சுவீ லியான் அனுப்பிய மின்னஞ்சலில்
மூன்றே வரி.
நேரில் வர வேண்டாம்.
அசலைக் காட்ட வேண்டாம்.
கைப்பேசிப் படம் போதும், இந்த ஆண்டுக்கு மட்டும்.

பதினோரு ஆண்டுகள் முகப்பில் உட்கார்ந்து
அசல் எங்கே, அசல் எங்கே என்று
கேட்டுப் பழகிய வாய் இது.
முத்திரை மேடாக இருக்கிறதா என்று
விரலால் தடவிப் பார்ப்பேன்.

இப்போது செங்காங்கில், சாப்பாட்டு மேசையில்,
ஒரு முனை மகனின் பள்ளிக்கூடம்,
மறுமுனை பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவு,
நடுவே ஊறுகாய் போத்தல்.

படங்கள் வரத் தொடங்கின.
யீஷூனிலிருந்து ஒரு டிப்ளோமா, இஸ்திரி மேசைமேல்.
ஹனோயிலிருந்து ஒன்று, ஓரத்தில் பூனையின் வால்.
ஒருவன் குளிர்பதனப் பெட்டியில்
காந்தம் வைத்து ஒட்டியிருந்தான்.
பக்கத்திலேயே மின்கட்டண பில்.
தொகையைப் பார்க்கக் கூடாதென்று நினைப்பதற்குள்
பார்த்துவிட்டேன்.

என் வேலை மதிப்பெண்ணைச் சரிபார்ப்பது.
கண்ணோ விளிம்புக்கே போகும்.
முகப்பில் யாரும் எனக்கு
வீட்டைக் காட்டியதில்லை.

லோஷினி த/பெ முனுசாமி, மாசாய், ஜொகூர்.
முதல் படம் மங்கல்.
அடுத்ததில் மின்விசிறியின் நிழல்.
மூன்றாவதில் இயற்பியல்மேல் ஒரு கட்டைவிரல்.
மடலின் கீழே என் பெயரைக் கண்டுபிடித்து
ஆங்கில எழுத்தில் தமிழ் அனுப்பினாள்:
அக்கா, கடையெல்லாம் மூடிட்டாங்க,
ஸ்கேன் பண்ண இடமில்ல.
நான்காவதில் சன்னல் வெயில், பூப்போட்ட விரிப்பு,
வலது மூலையில் மஞ்சளாய் ஏதோ கறை.
ஏற்கப்பட்டது.
குறிப்பு: அசல் பின்னர்.

ஆகஸ்டில் அவள் வந்துவிட்டாள்.
தாள் அம்மாவின் அலமாரியிலேயே நின்றுவிட்டது.
பாலம் மூடிக் கிடந்தது.
மறு ஆண்டும் இந்த ஆண்டுக்கு மட்டும்.
எண்ணை மாற்றினேன், வாக்கியத்தைத் தொடவில்லை.

பாலம் திறந்த மறுவாரம்
கண்ணாடித் தடுப்பின் அடியில்
ஓர் உறை நுழைந்தது.
இரண்டாம் ஆண்டே முடியப்போகிறவள்
உள்ளே வரத் தகுதி உண்டென்று
காட்ட வந்திருக்கிறாள்.

முத்திரையைத் தடவவில்லை.
விரிப்பில் என்று நினைத்திருந்த மஞ்சள்
தாளில் இருந்தது.
ரிசல்ட் வந்தன்னைக்கு
அம்மா சாமிகிட்ட வச்சு மஞ்சள் தடவிட்டாங்க,
செல்லாதாக்கா?

நகல் எடுத்தேன்.
எங்களுடையது கறுப்பு வெள்ளை இயந்திரம்.
மூலையில் அது
சாம்பலாக விழுந்தது.