சுத்தமல்லிக்கு ஆறு டெசிபல்

பீரோ மேல் ஜமுக்காளம் தொங்கவிட்டு
ஃபேனை நிறுத்தி
வேர்க்க வேர்க்க வாசித்தாள் மாடிவீட்டு இசக்கிரேவதி,
மூணு தடத்து டவுன் பஸ் நிறுத்தங்களை.
சமாதானபுரம். சீவலப்பேரி. சேரமாதேவி.
ஊருக்கு ஊர் 'ச' வைத்தவனை
என் ஹெட்போனில் உட்காரவைக்க வேண்டும்.
ஒவ்வொன்றும்
காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்.

மைக்கை மோவாய்ப் பக்கம் சாய்த்தேன்.
அப்படியும் ஏழாயிரம் ஹெர்ட்ஸில் சீறல்.
அமுக்கினேன். கூடிப்போச்சு:
முன்பல் விழுந்த பிள்ளையாய்
'தேரமாதேவி' என்றது ஸ்பீக்கர்.
"ஏல, நானா இது?"
பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்து சத்தம்.
எல்லா ஊரும் ஒரே மட்டத்தில் நிற்க
சுத்தமல்லி மட்டும் பள்ளத்தில்.
மூணு டேக்கிலும் அதே பள்ளம்.
அவளைக் கட்டிக்கொடுத்த ஊர்.
எட்டாம் மாதம் ஒரு பெட்டியோடு வந்துவிட்டாள்.

ஆறு டெசிபல் ஏற்றினேன்.
கூடவே ஏறிவந்தது
பேருக்கு முன்னால் அவள் இழுத்த மூச்சு.
வெட்டலாம், ஒரு நொடி வேலை.
அப்படியே அனுப்பிவிட்டேன்.

இப்போதெல்லாம் பேட்டை தாண்டியதும்
பஸ் ஒருதரம் மூச்சு வாங்குகிறது.
இறங்குகிறவர்கள் படிக்கட்டுக்கு வந்துவிடுகிறார்கள்,
பேர் வருவதற்குள்.