பதினாறு அங்குலம்

கண்டனூர். ஒன்பதாம் வகுப்பு, ஆறாவது பீரியட்.
பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத்
தரையில் சாக்பீஸால் கப்பலின் அடித்தளம் போட்டேன்.
அட்லாண்டிக்கைக் கடக்க ரெண்டு மாதம்,
ஆளுக்குப் பதினாறு அங்குலம்.
பையன்களைப் படுக்கச் சொன்னேன்.

முதலில் ஒரே சிரிப்பு.
'மூச்சு முட்டுது டீச்சர்' என்றான் சாத்தப்பன்,
பர்மாத் தேக்கு கப்பலேறி வீடு வந்த கதையை
வாரம் ஒருதரம் சொல்பவன்.
'தேக்குக்கு எத்தனை அங்குலம் விட்டாங்க?'
ஸ்கேலும் கையுமாய் நின்ற வள்ளிமயில் கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.

கணக்கில் பேர் எழுதுவார்களா?
இல்லை, எண் மட்டும்.

அப்புறம்தான் பார்த்தேன்.
ஒருத்தன் கோட்டுக்குள் ஒருத்தன் நெருக்கிக் கிடக்க,
மாயழகுக்கு மட்டும்
இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம்
காலி.
நான் போடாத கோடு.

அவனே சொன்னான், ஓட்டைப் பார்த்தபடி:
'எனக்கு நல்லாக் காத்து வருது டீச்சர்.'