மூன்றாம் களம்

பாலக்காட்டுக் காலேஜில் அந்த வருஷம்தான்
முதன்முதலாகத் தமிழில் நாடகம்.
அதுவரை ஆண்டுவிழா என்றால்
இங்கிலீஷ் செய்யுளை மூச்சுவிடாமல் ஒப்பித்து
துரை கையால் ஒரு புத்தகம் வாங்குவது.
மலையாளத்துப் பையன்கள் சிரித்தார்கள்:
தமிழில் என்ன பேசுவீர்கள்,
புளி விலையா?

கணக்கு வாத்தியார் ராத்திரி விழித்து எழுதிய கதை.
நாடு கடத்தப்பட்ட ராஜகுமாரி, கூடவே ஒரு கிளி.
கிளிக்கு வசனம் கிடையாது.
அந்த வேஷத்துக்குத்தான் போட்டி அதிகம்.

ராஜகுமாரி, நூறணி சூரி.
மீசை வருவதா வேண்டாமா என்று
இன்னும் தீர்மானிக்காத முகம்.
அத்தையின் கூறைப்புடவையில் தடுக்காமல் நடக்க
பன்னிரண்டு நாள் பழகினான்,
பதின்மூன்றாம் நாள் விழுந்தான்.

எனக்கு வேஷம் இல்லை.
அம்மைத் தழும்பு, என்றார்கள்.
செக்கு ஓட்டுகிறவன் மகன் என்று
ஒருவரும் சொல்லவில்லை.
சொல்லாததும் கேட்டது.
"குரல் கணீரென்று இருக்கே, மாசாணி,
திரைக்குப் பின்னால் நின்று
அடி எடுத்துக் கொடேன்."

துரை உட்காரும் பக்கம் மண்ணெண்ணெய் விளக்கு.
மேடை முகப்பில் இருபது அகல்,
எண்ணெய் எங்கள் வீட்டுடையது,
பதினாறு நாழி, கடனுக்கு.

தனு மாசம்.
கோயமுத்தூர்ப் பக்கம் கிளம்பி
வாளையாறு தாண்டி, கணவாய் வழியே
டிக்கெட் இல்லாமல் வருகிற காற்று
ஜன்னல் கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தது.

இரண்டாம் அங்கம், மூன்றாம் களம்.
சூரி கையை உயர்த்தினான்.
உயர்த்திய கை அங்கேயே நின்றது.
"என்னை நாடு கடத்தினீர்…" என்றேன், மெதுவாக.
மறுபடியும்.
கிளி என்னைத் திரும்பிப் பார்த்தது.
முன்வரிசையில் யாரோ செருமினார்கள்.

அப்போது காற்று உள்ளே வந்தது.
இருபது அகலும், துரையின் விளக்கும்,
ஒரே மூச்சில்.

நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு குழந்தை அழுதது.
இருட்டில் யாரோ பேசினார்கள்:
"என்னை நாடு கடத்தினீர்.
என் நிழலை எந்த எல்லையில் இறக்குவீர்?"
பேசியது நான்தான்.
தெரிவதற்குள் பாதிக்கு மேல் பேசிவிட்டேன்.
பாக்கியை ஏன் நிறுத்தவேண்டும்?
தாளைப் பார்க்க வெளிச்சமில்லை, தேவையுமில்லை.
தீப்பெட்டி தேடிய கைகள்
தேடுவதை விட்டன.
அழுத குழந்தைகூட.

விளக்கு வந்தபோது
சூரி, உயர்த்திய கையோடு,
சரியான இடத்தில் வாய் திறந்து நின்றான்.

கைதட்டல். தமிழ் தெரியாத துரை எழுந்து நின்றார்.
வெள்ளி மெடல் சூரிக்கு.
புளி விலை கேட்டவன் பின்பக்கம் வந்தான்,
அகலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.
குனிந்து குடுக்கையைப் பிடித்துக்கொண்டான்.

எஃப்.ஏ. பரீட்சையில் எனக்குக் கணக்கு போயிற்று.
பதினாறு நாழிக்கு இன்றுவரை பணம் வரவில்லை.
சூரி பி.ஏ., பி.எல்., ஒற்றப்பாலத்தில் முனிசீப்.
லீவுக்கு வரும்போது
கடை வாசலில் வண்டியை நிறுத்துவான்.
இறங்கமாட்டான்.
வலது கையைக் கொஞ்சம் உயர்த்தி
உதட்டை மட்டும் அசைப்பான்.

நான் சொல்வேன், தெரு முழுக்கக் கேட்க:
"நல்லெண்ணெய், இரண்டு நாழி."