ஐம்பத்து நான்கு பைட்

மூன்றாம் மாடியில் அழைப்புமணி
மூன்று பத்துக்கு ஊமையாகிறதாம்.
நாலு நிமிடம்தான். பிறகு பேசுகிறதாம்.
ஐந்து இரவாக இதே கதை என்று
இரவுத் தாதி லுபிட்சா
சர்வர் அறைக் கதவில் தாள் ஒட்டியிருந்தார்,
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

தூன் நகர மருத்துவமனை, நிலக்கீழ் இரண்டாம் தளம்.
இந்த ஊரைத் தூண் என்றே எழுதுவேன் நான்,
பிழையென்று தெரிந்தே.
ஸ்விட்சில் ஒரு துளையைக் கண்ணாடியாக்கினேன்.
மாடியில் நடப்பதெல்லாம்
அதில் இன்னொரு முறை நடக்கும்.
மடிக்கணினியைச் செருகிச் சரிக்குறி இட்டேன்:
உனக்கு வராததையும் கேள்.
இனி அது தூணிலும் இருக்கும், துரும்பிலும் இருக்கும்,
சொட்டுமருந்துப் பம்பிலும்.

பெயர் தேடல்: வேண்டாம்.
பெயர் விசாரிக்கப் போனால்
நானும் அந்தச் சந்தடியில் ஒருத்தி.

வடிகட்டி: வெறுமை.
என்ன மீன் என்று தெரியாமல்
வலைக்கண் அளப்பதெப்படி?

கோப்புகள் பன்னிரண்டு, வளையமாக.
பதின்மூன்றாவது பிறக்கும்போது முதலாவது அழியும்.

பிறகு அந்த வரி.
ஒவ்வொரு பொட்டலத்திலும் எவ்வளவு எடுக்க?
மென்பொருள் தானே எழுதி வைத்திருந்தது:
இரண்டு இலட்சத்து அறுபத்திரண்டாயிரத்து
நூற்று நாற்பத்து நான்கு.
அதாவது முழுதும். எலும்போடு.
"அப்படியே விடு, எல்லாரும் விடுவதுதான்"
என்றான் ரெட்டோ, படுக்கையிலிருந்து, தொலைபேசியில்.

வவுனியா தாண்டி எங்களுக்கு வந்த கடிதங்கள்
பிரித்து ஒட்டப்பட்டே வந்தன.
ஒட்டியவன் கோந்தில் கஞ்சத்தனம் காட்டாதவன்.
"நலம்" என்ற சொல் உறையோடு ஒட்டிக் கிழியும்.
அவனுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்,
எல்லாரும் செய்வதுதான் என்று.

ஐம்பத்து நான்கு என்று தட்டினேன்.
உறையின் நீளம் அது:
யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனையாவது.
ஐம்பத்தைந்தாவது பைட்டில்தான் குரல் தொடங்கும்.

இரண்டு நாற்பது.
அறை முந்நூற்றுப் பதினெட்டின் தொலைபேசி விழித்தது.
நொடிக்கு ஐம்பது வெளியே, ஐம்பது உள்ளே.
பேசினாலும் இருநூற்றுப் பதினான்கு பைட்.
பேசாமல் மூச்சு மட்டும் விட்டாலும்
இருநூற்றுப் பதினான்கு.
என்ன மொழி, எந்த முனை அழுதது,
என் கோப்பில் இல்லை.
தேநீர் ஆறியது. அந்த வரியை நான் மாற்றவில்லை.
மாற்ற எத்தனை நொடி பிடிக்கும் என்று மட்டும்
ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

மூன்று பத்து.
திரையில் ஒரு கேள்வி, எல்லாருக்கும் பொதுவாக:
நாற்பத்தொன்று யார்? சொல்லுங்கள்.
மணிகளின் தலைப்பெட்டி சொன்னது: நான்.
அந்த மூச்சு அடங்குமுன் இன்னொன்று: நான்.
பிந்திச் சொன்னவனைத்தான் இந்தக் கம்பிகள் நம்பும்.
நாலு நிமிடம், நோயாளிகள் அழுத்திய மணியெல்லாம்
அந்த இன்னொருவன் வாசலில் போய் விழுந்தன.

உற்பத்தியாளர் பட்டியலில் விரல் வைத்துத் தேடினேன்.
செல்லப்பிராணிச் சாமான் கம்பெனி.

படியேறிப் போனேன், லிஃப்டுக்குக் காத்திராமல்.
காத்திருப்புக் கூடத்தில் மீன்தொட்டி.
விளிம்பில் யாரோ நன்கொடையாய்த் தந்த தீனிப்பெட்டி;
மூன்று பத்துக்கு விழிக்கும்,
தன் பெயரில் இல்லாத முகவரியைப் போர்த்திக்கொள்ளும்,
ஏழு மீனுக்கும் தூவிவிட்டு மறுபடி தூங்கும்.
அதற்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.
கம்பியைப் பிடுங்கினேன்.
ஏழும் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து மூடின,
ஏதோ ஒலிவாங்கி அணைந்ததுபோல்.

லுபிட்சாவின் தாளில் "மீன்" என்று எழுதினேன்.
புரியாதே என்று இன்னும் இரண்டு வரி.

கீழே, பதின்மூன்றாவது கோப்பு எழுதிக்கொண்டிருந்தது.
இரண்டு நாற்பது அழிந்துவிட்டது.
முந்நூற்றுப் பதினெட்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தது.
நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன்.

நாளை மீனுக்கு யார் போடுவது என்று
ரெட்டோவைக் கேட்க வேண்டும்.