அரை மில்லிமீட்டர்

துலூத் நகரம். பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.
ஏரி உறைந்து மூன்று வாரம்.
டோக்கியோவிலிருந்து வந்த செய்தியை அச்செடுத்து
காபி இயந்திரத்தின் மேல் ஒட்டியிருந்தார் மேலாளர் டீன்:
சிவப்புக் கட்சி கடையைச் சாத்திவிட்டது.

பறை அறையவில்லை யாரும்.
வெட்சி சூடி ஆநிரை கவரவில்லை,
மார்பில் விழுப்புண் இல்லை.
கூட்ட அறைகளில் கையொப்பங்கள் இடம் மாறின.
ஒரு ஸ்டுடியோ, பிறகு இன்னொன்று,
பிறகு பெரிய கடைக்காரர்கள்.
வென்றதற்கு வாகை சூட்டலாம் என்றால்
வட்டத் தகட்டுக்குத் தலை ஏது?
நடுவில் ஓட்டைதான்.

ஏழாம் வரிசையில் ஸ்டூல் போட்டு ஏறினாள்
வெர்னா ஹால்வர்சன்.
சிவப்பு உறைகளை இறக்கினாள்.
ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஸ்டிக்கர்: நான்கு டாலர்.
மதியத்துக்கு மேல் புது உத்தரவு: இரண்டு.
ஒட்டியதைச் சுரண்டிச் சுரண்டி
கட்டைவிரல் நகம் பிளந்தது.

அந்த நகத்தின் கனம்தான்
அவர்களுக்குள் இருந்த பகை.
இரண்டு தகட்டையும் படிப்பது ஒரே ஊதா ஒளி.
ஒருவர் எழுத்தைத் தோலை ஒட்டி வைத்தார்,
மற்றவர் கொஞ்சம் உள்ளே, சதையில்.
அரை மில்லிமீட்டர்.
அதில் எத்தனை கோடி புதைந்ததென்று
டீனுக்குத் தெரியாது,
கல்லாவில் நின்ற எனக்கும் தெரியாது.

மூன்றரைக்கு ஆர்ன் குஸ்டாஃப்சன் வந்தார்,
பனி வாரும் லாரி ஓட்டுகிறவர்.
பூட்ஸிலிருந்து நெடுஞ்சாலை உருகி வழிந்தது.
வெர்னா பேட்டரி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்தாள்.
கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை
அவள்தான் அவருக்கு விற்றாள்,
"கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்,
நிலைக்கப் போவது இதுதான்."
அதிகம் விற்றவருக்கு ஒரு வான்கோழி பரிசு.
அவளுக்குத்தான் கிடைத்தது. தின்றும் ஆயிற்று.

கையில் பெட்டி இல்லை, ரசீது இல்லை.
"ரிமோட்டை நாய் கடித்துவிட்டது" என்றார்.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் ரிமோட் ஒன்றை
எடுத்துக் கொடுத்தாள்.
அவர் நகரவில்லை.
தள்ளுவண்டியில் குவிந்த சிவப்பைப் பார்த்தார்.
"படம் இரண்டு டாலரா?"
"ஆமாம்."
"ஏன்?"

தொண்டைவரை வந்தது.
டோக்கியோ, கையொப்பங்கள்,
இனி இந்தச் சிவப்பில் ஒரு படமும் வராது என்பது.
"இடம் தேவைப்படுகிறது" என்றாள்.
பொய்யும் இல்லை.

இருபத்து மூன்று படங்கள்.
ஒன்றை இரண்டு பிரதி எடுத்திருந்தார்.
சுட்டிக்காட்டினேன்.
"கீறல் விழுந்தால்?" என்றார்.
அதையும் சேர்த்துப் பில் போட்டேன்.
இரண்டு பையையும் மார்போடு அணைத்து
கதவை முதுகால் தள்ளிக்கொண்டு போனார்,
ஊரிலேயே கெட்டிக்காரப் பேரம் பேசியவர்போல.

சாயங்காலம் நீல உறைகள் வந்திறங்கின.
அதே தட்டு, அதே திருகு, அதே துளை.
வெர்னா பேசவில்லை.
நகத்தைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தாள்.

மறுநாள்தான் சொன்னாள்:
விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு.
புதுப் பனியை வாரிக்கொண்டு லாரி ஒன்று
அவள் தெருவில் மெல்ல ஊர்ந்தது.
அவராக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம்.
அதன் நீல விளக்கு திரைச்சீலையைத் தாண்டி
சுவர், அலமாரி, போர்வை என்று
வரிவரியாகப் படித்துக்கொண்டே போனதாம்.
தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாளாம்.
போர்வை எவ்வளவு கனம் என்று
நான் கேட்கவில்லை.