உன் வலதா, என் வலதா

வீட்டை விற்றதில் பாதிப் பாதி.
நாய் எனக்கு, படகு ஸ்டூரேக்கு.
அறுபத்தைந்தாம் வருடத்து வோல்வோ அமேசானை
வக்கீல் எந்தப் பத்தியிலும் சேர்க்க மறந்துவிட்டார்.
ஒரு மாதம் அவன், ஒரு மாதம் நான்.
ஐந்து வருடமாக இப்படித்தான்,
சாவி தபால் பெட்டியில் கைமாறுகிறது.

கல் எப்போது பட்டது என்பதில்தான் வழக்கு.
ரெட்விக் சாலையில் மரம் ஏற்றிப் போன லாரி.
செப்டம்பர் முப்பதா, அக்டோபர் ஒன்றா?
முதலில் மிளகளவு ஒரு புள்ளி.
ஏரி உறைந்த வாரம் அது நடக்கத் தொடங்கியது,
இரவுக்கு ஒரு விரற்கடை.
தை பிறப்பதற்குள்
கண்ணாடியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்
கோடு.
டாஷ்போர்டில் ஒரு சீட்டு வைத்தேன்: உன் மாதத்தில்.
திரும்பி வந்தபோது அதன் அடியில்: உன் மாதத்தில்.

மே மாதச் சோதனையில் தேறாது என்றார்கள்.
போர்லெங்கேயில், பழைய வண்டிகளைப் பிரிக்கும் இடத்தில்,
ஒரு கண்ணாடி இருந்தது.
போர்வை சுற்றி ஆளுக்கொரு முனை பிடித்தோம்.
"படி," என்றான். "தெரியும்," என்றேன்.
அன்றைய பேச்சில் பாதி அது.

பழைய ரப்பர் கத்திக்கு வற்றலாய் உதிர்ந்தது.
அதன் பள்ளத்தில் ஊசியிலைகள்,
எந்தக் கடையிலும் இனிச் செல்லாத
இருபத்தைந்து ஓரே நாணயம்,
கட்டைவிரல் நுழையும் துரு.
வெள்ளைக்கு அடியில் வெளிர்பச்சை.
எங்களுக்கு முன்பே
யாரோ நிறம் மாற்றிவிட்டிருக்கிறார்கள்.
ஸ்டூரே சுரண்டிப் பூசினான்.
பூச்சு காயும்வரை அவன் விறகடுக்கின் பக்கம்,
நான் கிணற்றின் பக்கம்,
நின்றபடியே ரொட்டி தின்றோம்.

தனியாகச் செய்ய முடிந்திருந்தால்
இருவரில் ஒருவர் செய்திருப்போம்.
புது ரப்பரைக் கண்ணாடிக்கு விளிம்பாக மாட்டி
உள்வரிப் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிப் பதித்து
சோப்புத் தண்ணீர் தடவி
வெளியிலிருந்து ஒருவர் அழுத்த,
உள்ளிருந்து ஒருவர் கயிற்றை இழுக்க,
ரப்பரின் உதடு
இரும்பைக் கவ்வியபடி வளைந்து வரவேண்டும்.

நான் உள்ளே.
"வலது பக்கம்," என்று அவன் வாய் அசைந்தது.
இழுத்தேன். தலையைப் பலமாக ஆட்டினான்.
உன் வலதா, என் வலதா?
இருபத்தோரு வருடம் ஒரே திசை பார்த்து உட்கார்ந்து போனபோது
இந்தக் கேள்வி வந்ததில்லை.
பிறகு அவன்
"ஏரி," என்றான். "காடு," என்றான்.
ஏரிப்பக்கம் இரண்டு சாண். காட்டுப்பக்கம் ஒன்று.
வேலை ஓடியது.

கடைசி மூலையில் நின்றுவிட்டது.
அவன் உள்ளங்கை கண்ணாடியில் வெளுத்துப் பரந்தது.
"நீ தள்ளாதே," என்று கத்தினான்,
"உள்ளேயிருந்து தள்ளினால் உடைஞ்சிடும்!"
நான் தள்ளவில்லை.
தூக்கியிருந்த கையை மட்டும்
மடிக்குக் கொண்டுவந்தேன்.
மறுகையால் இழுத்தேன், மெதுவாக.
ளப், என்று ஒரு சத்தம்.
மீன் திரும்ப நீருக்குள் விழுந்ததுபோல.

ஹோஸ் பிடித்துப் பார்த்தோம்.
பின்பார்வைக் கண்ணாடிக்கு மேல் ஒரு சொட்டு,
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.
"வெயில் பட்டால் ரப்பர் படிந்துவிடும்," என்றான்.
பாத்திரம் கழுவும் சோப்பின் எலுமிச்சை வாசனையில்
அதை நம்புவது சுலபமாக இருந்தது.

தேதி முப்பத்தொன்று. மாலை ஆறு. வண்டி இன்னும் என்னுடையது.
"ஆறு மணி நேரத்துக்காக ஏன்? இப்பவே எடுத்துட்டுப் போ," என்றேன்.

ஏறி உட்கார்ந்தான்.
இஞ்சின் பிடித்ததும் முகவாயைத் தூக்கினான்,
இரண்டு விரல் உயரம், எதற்கோ மேலாக எட்டிப் பார்ப்பவன்போல.
எதிரே ஒன்றுமில்லை. கழுவிய கண்ணாடி, பாதை, நான்.

எட்டு மாதமாக
நான் அந்தக் கோட்டுக்குக் கீழே குனிந்து
ஓட்டிக்கொண்டிருந்தேன்.