ஓடாத ஜிகுலியும் இரண்டு வாளி ஆப்ரிகாட்டும்

கும்ரி மேட்டு ஊர்.
ஜூலையிலும் காற்று சட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கும்.
ஆப்ரிகாட் இங்கே சரியாகப் பழுக்காது.
கீழே சமவெளியிலிருந்து லாரியில் வரும்,
ஒலிபெருக்கியில் தன் விலையைத் தானே கூவிக்கொண்டு.

இரண்டு வாளி வாங்கினேன்.
ஒன்று வாய்க்கு.
ஒன்று ஜனவரிக்கு.

பால்கனியில் காயவைத்த வருஷம்
பூஞ்சை முந்திக்கொண்டது.
அடுப்பில் வைத்த வருஷம்
கேஸ் பில் வந்து கழுத்தைப் பிடித்தது.
அதற்குப் பிறகுதான்
முற்றத்தில் நிற்கும் வர்த்கெஸின் காரை
முதன்முறையாக மரியாதையோடு பார்த்தேன்.

ஒன்பது வருஷமாக ஓடாத ஜிகுலி.
மூன்று சக்கரம், நாலாவதற்குச் செங்கல் அடுக்கு.
தந்த நிறம் என்பார் அவர்.
நான் எதுவும் சொல்வதில்லை.
கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் போதும்,
நண்பகலில் உள்ளே
இன்னொரு நாட்டின் வெயில் அடிக்கும்.

பழத்தைப் பிளக்கக் கத்தி வேண்டாம்.
கோடு அதுவே போட்டு வைத்திருக்கிறது.
இரண்டு கட்டைவிரல், ஒரு சின்னத் திருகல்.
கொட்டை சண்டை போடாமல் கழன்று வரும்.
தோல் கீழே, சதை மேலே,
தட்டு தட்டாகப் பரப்பினேன்:
பின்சீட்டில் நான்கு, முன்சீட்டில் ஒன்று,
ஸ்டியரிங்குக்குப் பின்னால் வெயில் விழும் பலகையில்
தனித்தனியாக முப்பத்தொன்று.
ஈரம் வெளியேற ஒரு விரல் இடைவெளி,
அதில் குளவிக்குப் பயந்து பழைய திரைச்சீலைத் துணி.

மாலையில் அவர் வருவார், ஸ்பேனரோடு.
முன்மூடியைத் தூக்குவார்.
நான் பின்கதவைத் திறப்பேன்.
எங்களுக்கு நடுவே
ஒரு கார் நீளத்துக்கு மௌனம்.
அது கோபமில்லை.
ஆளுக்கு ஒரு வேலை இருந்தது.

நாலாம் நாள்.
குழிகளில் நின்ற சாறு வற்றி
ஓரங்கள் சுருண்டு
காது மடல் மாதிரி மெத்தென்றிருந்தன.
செங்கல் இருந்த இடத்தில் ஒரு சக்கரம் இருந்ததை
நான் கவனிக்கவே இல்லை.

முதலில் ஒரு இருமல்.
பிறகு இன்னொன்று.
பிறகு மூன்றாம் மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.
வர்த்கெஸ் ஏறி உட்கார்ந்தார்,
நம்பாதவர் முகத்தோடு.
கட்டடத்தைச் சுற்றி ஒரு வட்டம்.
பின்னால் பிள்ளைகள், பின்னால் ஒரு நாய்.
இரண்டாவது வட்டம் முடியவில்லை,
கார் வாசலைத் தாண்டி
தெருவுக்குப் போய்விட்டது.

ஒன்பது வருஷக் கனவு நிறைவேறிய மனிதரைப் பார்த்து
மனைவி என்ன கத்த வேண்டும்?
நான் கத்தியது:
"தட்டு! தட்டு!"

இருட்டிய பிறகு திரும்பினார்.
வளைவுகளில் எல்லாம் இடப்பக்கம் சரிந்து
ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன பழங்கள்.
சீட்டில் கறை.
பலகையில் இருந்த முப்பத்தொன்றில்
பன்னிரண்டு மிச்சம்.
"ரயில் நிலையம் வரைக்கும்தான் போனேன்" என்றார்.
"எப்படி இருக்கிறது?"
"கியர் கொஞ்சம் இறுக்கம்."
"பழத்தைக் கேட்டேன்."
யோசித்தார்.
நாக்கால் பல்லிடுக்கைத் தடவினார்.
"இன்னும் ஒரு நாள் வேணும்."

மறுநாள் பூராவும் காரைக்
கொதிக்கும் வெயிலில் நிறுத்தி
சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப்
பஸ்ஸில் வேலைக்குப் போனார்.

இப்போது பிப்ரவரி.
முன்கண்ணாடியில் பனி சுரண்டி ஏறினால்
கார் பெட்டியில் ஒரு துணிப்பை.
சிவப்பு விளக்குக்கு ஒன்று.
கந்தகம் போடாததால் கறுத்தவை,
தோலாய் இழுபடும்,
மெல்ல மெல்லத்தான் ஜூலை இறங்கும்.
லேசாகப் பெட்ரோல் வாசம்.
கடையில் இந்த ருசி கிடைக்காது.

வரும் கோடைக்கு என்ன செய்வது என்று
நாங்கள் இன்னும் பேசவில்லை.
ஆனால் கினாரிக்கின் மகனுடைய வேன்
போன வாரத்திலிருந்து அசையாமல் நிற்கிறது.
நல்ல அகலமான கண்ணாடி.
படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன்,
"ஐயோ பாவம், இன்னும் ஓடவில்லையா?"